வானத்துக் காவலும் வாசற் காவலும்

குழந்தைகள் பார்க்கும் சித்திரத் தொடர்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசத் தொடங்கினால், அப்பேச்சு பெரும்பாலும் தவறான இடத்திலேயே தொடங்கித் தவறான இடத்திலேயே முடிந்துவிடுகிறது. நாய்கள் சிறகு முளைத்துக் காவல் தேவதூதர்களாய்ப் பணிபுரியும் அமெரிக்கச் சித்திரத் தொடரொன்று கைத்தொலைபேசிகள் வழியாக எமது கரையோரக் கிராமத்துப் பிள்ளைகளையும் எட்டியிருக்கிறது. அதனைக் குறித்து எழுந்துள்ள கண்டனங்களும் இத்தகையனவே. நாயைத் தேவதூதராகக் காட்டுவது மலக்குகளை இழிவுபடுத்துவதாகும் என்கிறார் ஒருவர். காவற் சம்மனசின் இடத்தில் தெருநாயை வைப்பது ஞானோபதேசத்தைக் கேலி செய்வதாகும் என்கிறார் இன்னொருவர். நாய் வீட்டு வாசற்படி தாண்டலாகாத பிராணி. அது சுவர்க்கம் புகுவதாகக் கதை சொன்னால் ஆசாரம் என்னாவது என்று கவலைப்படுகிறார் மூன்றாமவர்.

மூவரும் வெவ்வேறு வழிபாட்டிடங்களுக்குச் செல்பவர்கள். புத்தளம் முதல் சிலாபம் வரையிலான இக்கரையில் மூன்று சமயத்தாரும் ஒரே குரலிற் பேசும் சந்தர்ப்பங்கள் அரியன. அத்தகைய அரிய ஒற்றுமை ஒரு நாயை எதிர்ப்பதிற் செலவாகிவிட்டதே என்பதுதான் எமது வருத்தம்.

நாமும் அத்தொடரைக் கண்டிக்கவே முன்வந்திருக்கிறோம். ஆனால் நாயின் பொருட்டன்று. அத்தொடர் குழந்தைகளுக்குக் காவல் என்பதைப் பற்றிக் கற்பிக்கும் பொய்யின் பொருட்டு. அப்பொய் எமது கரையில் ஏற்கெனவே நிலவும் ஒரு பொய்யோடு கைகோத்துக்கொள்கிறது என்பதனால் அதனை வெறும் விளையாட்டென விட்டுவிட எமக்கு இயலவில்லை.

முதலில் தொடரின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். டொன் புளூத் என்னும் அமெரிக்கச் சித்திரப்பட இயக்குநர் அயர்லாந்தில் அமைந்திருந்த கலைக்கூடத்தில் உருவாக்கிய முழுநீளப் படமொன்று 1989ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘எல்லா நாய்களும் சுவர்க்கம் செல்கின்றன’ என்பது அதன் பெயரின் பொருள். கதை 1939ஆம் ஆண்டின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் நிகழ்கிறது. சூதாட்டத் தொழிலில் ஈடுபட்ட சார்லி என்னும் நாயை அதன் பங்காளியான கார்பேஸ் கொன்றுவிடுகிறது. சுவர்க்கம் சென்ற சார்லி, தன் ஆயுளைக் குறிக்கும் கடிகாரத்தைக் கவர்ந்து, அதனை மீண்டும் முடுக்கிவிட்டு மண்ணுக்குத் திரும்புகிறது. விலங்குகளோடு பேசும் ஆற்றல் கொண்ட ஆன்-மேரி என்னும் அநாதைச் சிறுமியைக் கார்பேசின் பிடியிலிருந்து மீட்கிறது. மீட்டதும் அவளைக் கொண்டே பந்தயங்களில் எந்த விலங்கு வெல்லும் என்றறிந்து பணம் குவிக்கிறது. இறுதியிலோ, எரிந்து மூழ்கும் கப்பலில், தன் கடிகாரமா அச்சிறுமியா என்ற நிலை வருகையில், கடிகாரத்தை நீருக்கு விட்டுச் சிறுமியைக் கரைசேர்த்துத் தன் உயிரை இழக்கிறது.

இதிற் பழிப்பதற்கு எதுவுமில்லை. பிறர் உழைப்பைச் சுரண்டிய ஒருவன் தான் சுரண்டிய குழந்தையின் பொருட்டுத் தன்னையே கொடுத்து மனிதனாகும் கதை இது. நாய் உருவில் வருவதனால் அதன் மனிதத்தன்மை குறைந்துவிடவில்லை.

1996இல் இதன் இரண்டாம் படம் வந்தது. அதே ஆண்டில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் தயாரிப்பாகத் தொலைக்காட்சித் தொடரும் ஆரம்பித்து 1998 வரை மூன்று பருவங்கள் ஓடிற்று. இத்தொடரிற் சார்லியும் அதன் தோழன் இட்சியும் சான் பிரான்சிஸ்கோ நகரிற் காவல் தேவதூதர்களாக வாழ்கின்றன. சுவர்க்கத்திலிருந்து அன்னபெல் என்னும் தலைமைத் தேவதை அவற்றுக்கு வேலை பகிர்ந்தளிக்கிறாள். பழைய பகைவன் கார்பேசும், அன்னபெல்லின் ஒன்றுவிட்ட சகோதரியான பெல்லடோனா என்னும் நரகத்துப் பெண்நாயும் இடையூறு செய்கின்றனர். வாரத்துக்கொரு துன்பம், வாரத்துக்கொரு மீட்பு.

படத்துக்கும் தொடருக்கும் உள்ள வேறுபாட்டை வாசகர் கவனித்தல் வேண்டும். படத்திற் சிறுமியைக் காப்பதற்கு ஒரு விலை இருந்தது. அவ்விலையைச் சார்லி தன் உயிராற் செலுத்திற்று. தொடரிலோ அடுத்த வாரமும் சார்லி வந்தாகவேண்டும். ஆகவே எவரும் எதையும் இழப்பதில்லை. ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்குள் துன்பம் தோன்றி மறைந்துவிடுகிறது. அத்துன்பம் எதனால் வந்தது, அதே தெருவில் அடுத்த வீட்டிலும் அது இருக்கிறதா, நாளையும் வருமா என்னும் வினாக்களுக்கு அங்கு இடமேயில்லை. சுவர்க்கம் ஒரு கந்தோராகிறது. காவல் ஓர் உத்தியோகமாகிறது. துன்புறுவோர் வரிசையில் நின்று முறை வருமளவும் காத்திருப்போராகின்றனர். பார்க்கும் குழந்தையின் உள்ளத்தில் இதனாற் பதிவது ஒன்றே: நீ தவிக்கும்போது மேலிருந்து எவரோ அனுப்பப்படுவார், கீழிருப்போர் செய்யத்தக்கது எதுவுமில்லை.

நாம் கண்டிப்பது இந்தப் பாடத்தையே. இப்பாடம் எமது மூன்று சமய மரபுகளுள் எதனோடும் ஒத்துப்போவதன்று என்பதையும் நாயை வெறுக்கும் அன்பர்களுக்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம். அவர்கள் காக்க முனையும் மரபுகளுள்ளேயே நாய் சுவர்க்கத்தின் வாசலில் நெடுங்காலமாகப் படுத்திருக்கிறது.

உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் ஆடித் தீமிதியை அறியாதார் இம்மாவட்டத்தில் இரார். அவ்விழாவுக்கு உயிராக நிற்பது பாரதக் கதை. அக்கதையின் முடிவென்ன? பாண்டவர் ஐவரும் திரௌபதையும் நாடு துறந்து வடதிசை நோக்கி நடக்கையில் ஒரு நாய் அவர்களைப் பின்தொடர்கிறது. திரௌபதை வீழ்கிறாள், தம்பியர் ஒருவர் பின் ஒருவராக வீழ்கின்றனர். தருமனும் நாயுமே எஞ்சுகின்றனர். இந்திரன் தேரோடு வந்து தருமனை மட்டும் ஏறச் சொல்கிறான். தன்னை நம்பித் தொடர்ந்த பிராணியைக் கைவிட்டு வரும் சுவர்க்கம் தனக்கு வேண்டாம் என்று தருமன் மறுத்துவிடுகிறான். அதன் பின்னரே அந்நாய் தருமதேவதையாக உருக்காட்டுகிறது. இங்கே நாய் தருமனைக் காக்கவில்லை. நாயைக் காக்கும் கடமையிலிருந்து தருமன் வழுவுகிறானா என்பதே சோதனையாயிற்று.

வெள்ளிக்கிழமைதோறும் எமது முஸ்லிம் மக்கள் பலர் ஓதும் சூரத்துல் கஹ்ஃபை எடுத்துக்கொள்வோம். கொடுமையான ஆட்சிக்கு அஞ்சிக் குகையில் ஒதுங்கிய இளைஞர்கள் முந்நூற்றொன்பது ஆண்டுகள் துயில்கின்றனர். அவர்களின் நாய் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கிறது. குகையிலிருந்தோர் எத்தனை பேர் என்று பிற்காலத்தார் கணக்கிடும்போதும் அந்நாயைச் சேர்த்தே எண்ணுகின்றனர். ஹதீஸ் மரபிலே, தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாயொன்றைக் கண்டு, கிணற்றுள் இறங்கித் தன் காலணியில் நீர் மொண்டு ஊட்டியவன் இறைவனின் மன்னிப்பைப் பெற்றான் என்றும் கூறப்படுகிறது. இங்கும் மனிதனே பிராணியின் காவலன்.

கத்தோலிக்க வேதாகமத்திலே தொபியாசின் கதை இருக்கிறது. கண்ணிழந்த தந்தையின் கடன்பணத்தை வாங்கிவர இளைஞன் தொபியாசு தொலைதூரம் புறப்படுகிறான். இரபேல் என்னும் சம்மனசு மனித உருவில் வழித்துணையாகிறார். வீட்டு நாயும் உடன் நடக்கிறது. இரபேல் அவனைத் தூக்கிக்கொண்டு பறக்கவில்லை. தைகிரிசு ஆற்றில் மீனொன்று தாக்க வருகையில் அதனைப் பிடிக்கச் சொல்கிறார், பிடிப்பவன் தொபியாசு. அம்மீனின் பித்தத்தைத் தந்தையின் கண்ணில் இடுபவனும் தொபியாசே. காவற் சம்மனசு வழியைக் காட்டிற்று. வேலையைச் செய்தது மனிதக் கை. மீன்பிடிக்கும் மக்களுக்கு இதைவிட அணுக்கமான கதை வேறென்ன வேண்டும்!

மூன்று கதைகளிலும் நாய் வானத்திலிருந்து இறங்கவில்லை. வழியிற் கூட நடக்கிறது, வாசலிற் கிடக்கிறது. மூன்றிலும் கேட்கப்படும் கேள்வி, உன்னை யார் காப்பார் என்பதன்று. உன்னை அடுத்து வந்ததை நீ காத்தாயா என்பதே. தொடர் இக்கேள்வியைத் தலைகீழாக்கிவிட்டது. நாயைக் கண்டு முகஞ்சுளிக்கும் அன்பர்கள் இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் காணவில்லை. காணாமைக்குக் காரணமும் உண்டு. அவர்களும் நெடுநாளாக இப்பாடத்தையே போதித்து வருகின்றனர். ‘ஆண்டவன் பார்த்துக்கொள்வான்’ என்ற வாக்கியத்தை, ‘நாம் பார்க்க வேண்டியதில்லை’ என்ற பொருளில் வழங்கிப் பழகியோருக்குச் சிறகு முளைத்த நாயின் போதனை அந்நியமாகத் தோன்றாது. நாயின் வால் மட்டுமே அந்நியமாகத் தோன்றும்.

இப்போதனையின் பொய்ம்மைக்கு அப்படத்தின் வரலாறே ஒரு சான்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. அநாதைச் சிறுமி ஆன்-மேரிக்குக் குரல் கொடுத்தவள் ஜூடித் பார்சி என்னும் குழந்தை நடிகை. படம் திரைக்கு வந்தபோது அவள் உயிரோடில்லை. 1988ஆம் ஆண்டு ஜூலை மாதம், பத்து வயதில், தன் வீட்டிலேயே, தன் தந்தையின் கையால், தாயோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டாள். நிகழ்ந்த நகரின் பெயர் லொஸ் ஏஞ்சல்ஸ். தேவதூதர்கள் என்பது அப்பெயரின் பொருள்.

அவளது துன்பம் எவரும் அறியாத இரகசியமாகவும் இருக்கவில்லை. தந்தையின் மிரட்டல்களைத் தாய் பொலிசாரிடம் முறையிட்டிருந்தாள். குழந்தையின் உடலிலும் நடத்தையிலும் அச்சத்தின் அடையாளங்கள் தெரிந்தன. சிறுவர் நலப் பகுதியினருக்கும் அறிவிக்கப்பட்டது. தாய் விவாகரத்துச் செய்துகொண்டு வேறு வீடு போவதாகச் சொன்னாள் என்று கோவை மூடப்பட்டது. கதையில் ஒரு சிறுமியைக் காக்க நாயொன்று சுவர்க்கத்தையே துறந்தது. அச்சிறுமிக்குக் குரல் தந்த உண்மைக் குழந்தையைக் காக்க ஓர் உத்தியோகத்தர் இன்னொரு முறை கதவைத் தட்டியிருந்தாற் போதுமாயிருந்திருக்கும். கதவு தட்டப்படவில்லை. வானத்திலிருந்தும் எவரும் இறங்கவில்லை.

அமெரிக்கச் செல்வத்தின் நடுவே நிகழ்ந்ததை எமது கரைக்கு ஏன் கொண்டுவருகிறீர் என்று வினவலாம். எமது கரைக்கு அது வந்து பலகாலமாயிற்று என்பதே எமது மறுமொழி. இங்குக் கோவைகூடத் திறக்கப்படுவதில்லை, அவ்வளவே வேறுபாடு.

இக்கரையின் வீடுகளைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது, கடற்றொழிலாளர் பலர் வள்ளமும் வலையுமாக முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கங்களுக்குப் பெயர்ந்து வாடி அமைக்கின்றனர். தந்தையர் மாதக்கணக்கில் ஊரிலில்லை. தாய்மார் பலர் மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுப் பணிப்பெண்களாக இருக்கின்றனர். இலங்கையிலிருந்து அவ்வாறு செல்லும் பெண்களை மிகுதியாக அனுப்பும் மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலுமே ஓலைக் குடிசையிட்டனர். அக்குடிசைகளிற் பிறந்த குழந்தைகள் இன்று தாமே பெற்றோராகிவிட்டனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் கிடையாமல் வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் அதன் விலை இலீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயாக உயர்ந்தது. வள்ளம் கடலுக்குப் போகாத வீட்டில் அடுத்துப் பயணம் புறப்படுபவள் தாய்.

இத்தகைய வீட்டிற் குழந்தைக்குக் காவல் யார்? பாட்டி இருக்கிறாள், அவளுக்குக் கண் மங்கல். மூத்த பெண்பிள்ளை இருக்கிறாள். அவள் தம்பி தங்கையரைப் பார்க்கவென்று பாடசாலையை விட்டவள். எஞ்சியிருப்பது அம்மா அனுப்பிய பணத்தில் வாங்கிய கைத்தொலைபேசி. அதனுள்ளேதான் சிறகு முளைத்த நாய் இருக்கிறது.

எமது வகுப்பில் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ‘என்னைக் காப்பவர்’ என்ற தலைப்பிற் கட்டுரை எழுதச் சொன்னோம். இறைவன் என்று பலர் எழுதினர், அது எதிர்பார்த்ததே. அம்மம்மா என்று எழுதினர். வெள்ளிக்கிழமை வரும் அம்மாவின் தொலைபேசிக் குரல் என்று ஒரு பிள்ளை எழுதிற்று. அப்பா கடலுக்குப் போன இரவுகளில் வாடி வாசலிற் படுத்திருக்கும் நாய் என்று ஒரு பையன் எழுதினான். கருவாட்டுக்குக் காவலாக வளர்த்த நாய், அவனுக்கும் காவலாயிற்றாம். கிராம உத்தியோகத்தர் என்றோ, பொலிசார் என்றோ, பிரதேச செயலகம் என்றோ, சட்டம் என்றோ எழுதிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. அத்தாள்களைத் திருத்துகையில் எழுத்துப் பிழைகளுக்குச் சிவப்புக் கோடிட எமக்குக் கை எழவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை நிறுவப்பட்டது. 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் தொலைபேசியில் முறையிடலாம். கட்டாயக் கல்வி வயது 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது; வேலைக்கு அமர்த்துவதற்கான ஆகக் குறைந்த வயதும் 2021இற் பதினாறாயிற்று. இவையெல்லாம் நன்றே. ஆயினும் கடற்கரையிற் காலை வேளையிற் கரைவலை இழுக்கும் கயிற்றைப் பற்றிய கைகளைப் பாருங்கள். அவற்றுட் சில பேனை பிடித்திருக்கவேண்டிய கைகள். காகிதத்திலுள்ள சட்டமும் கதையிலுள்ள சிறகும் ஒரே வகையானவை: அழகாக விரிகின்றன, எவரையும் தூக்குவதில்லை.

எமது நாட்டிலும் ஒரு ஜூடித் பார்சி உண்டு. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக், பதினேழு வயதில், வயதைக் கூட்டிப் பொய்யாகப் பெற்ற கடவுச்சீட்டோடு 2005ஆம் ஆண்டிற் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டாள். தானே குழந்தையாயிருந்தவளிடம் கைக்குழந்தையொன்று ஒப்படைக்கப்பட்டது. அக்குழந்தை இறந்த குற்றத்துக்காக 2013 ஜனவரியில் அவளது தலை துண்டிக்கப்பட்டது. அவளது வயதைத் திருத்தியவன் ஒருவன், கையொப்பமிட்டவன் ஒருவன், கண்டும் காணாதிருந்தோர் பலர். அத்தனை வாசல்களுள் ஒன்றிலேனும் காவல் இருந்திருந்தால் அவள் விறகுவெட்டியின் மகளாக மூதூரில் வாழ்ந்திருப்பாள்.

அதே ஆண்டில் அரசாங்கம் என்ன செய்தது? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய் வெளிநாடு செல்லலாகாது என்று குடும்பப் பின்னணி அறிக்கையொன்றைக் கட்டாயமாக்கிற்று. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது அதே விதி தளர்த்தப்பட்டது. குழந்தையின் நன்மை டொலரின் தேவைக்கேற்ப ஏறி இறங்குகிறது! தாயைத் தடுப்பது எளிது. ஒரு முத்திரை போதும். அவள் உள்ளூரிலே உழைத்துண்ண வழிசெய்வதும், அவள் உழைக்கும் பொழுது குழந்தையைப் பார்க்க ஓர் இடம் அமைப்பதும் செலவு. செலவில்லாத காவலை மட்டுமே எமது ஆட்சியாளர் விரும்புவர். தேவதூதரை அவர்கள் விரும்புவதும் அதனாலேயே, தேவதூதருக்குச் சம்பளமில்லை.

இத்தனையும் கூறியபின், கைத்தொலைபேசியைப் பிடுங்கிப் பூட்டிவைப்பதே வழி என்று சிலர் முடிவுகட்டக்கூடும். நாம் அவ்வாறு கூறவில்லை. தனித்திருக்கும் குழந்தையிடமிருந்து கதையைப் பறித்தால் எஞ்சுவது தனிமை மட்டுமே. அன்றியும் அந்நியக் கதை என்பதனால் எக்கதையும் தீயதாகிவிடாது. அதனை எமதாக்கிக்கொள்ளும் திறனும் முயற்சியும் உண்டா என்பதே கேள்வி.

இதற்கு எமது நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் ‘ரேகாவ’ படத்தை 1956இற் படத்தொகுப்புச் செய்த டைட்டஸ் தொட்டவத்த, 1982இல் ஆரம்பமான ரூபவாஹினித் தொலைக்காட்சியிற் பிறநாட்டுச் சித்திரத் தொடர்களைச் சிங்களத்துக்குக் குரல்மாற்றும் பணியை ஏற்றார். விலங்குகளின் மொழியறிந்த டொக்டர் டூலிட்டில் அவர் கையில் ‘தொஸ்தர ஹொந்த ஹித’ ஆனார். நல்ல மனம் படைத்த வைத்தியர் என்று பொருள். நியூயோர்க் நகரின் தெருப்பூனை ‘பிஸ்ஸு பூஸா’ ஆயிற்று. அப்பூனை சிங்களக் கிராமத்துப் பிள்ளையின் நாவிற் புரளும் மொழியிற் பேசிற்று, சிரித்தது, பாடிற்று. சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், தம் மக்களின் பழமொழியையும் நையாண்டியையும் அதனுள் ஊற்றினார் அவர். 2011இல் அவர் மறைந்தபோது ஒரு தலைமுறையே தன் பிள்ளைப் பருவத்தின் குரலை இழந்ததாய் உணர்ந்தது. பொதுப் பணத்தில் இயங்கும் ஒரு நிறுவனம் குழந்தைகளுக்குச் செய்யத்தக்க நற்பணி அதுவே.

அப்பணியைத் தமிழ்க் குழந்தைக்கும் செய்க என்று கேட்பதில் இனத்துவேஷம் எதுவுமில்லை. சிங்களச் சகோதரரின் சாதனையைப் போற்றியே அதனைக் கேட்கிறோம். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரை தமிழ் பேசிய கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் குடும்பங்கள் பல, இருபதாம் நூற்றாண்டிற் பாடசாலை மொழி மாறியதோடு தம் வீட்டு மொழியும் மாறக் கண்டவை. பாட்டியின் மொழி பேரனுக்குப் புரியாத வீடுகள் அவ்வாறே உண்டாயின. பாட்டியின் கதை தானே குழந்தையின் முதற் காவல்? அதன் மொழி அறுந்த இடத்தில் யாரும் எதையும் கொண்டுவந்து நிரப்பலாம். சென்னையிலிருந்து விண்வழி வரும் தமிழும் எமக்கு உறவே. ஆயினும் வாடியும் கரைவலையும் சம்மாட்டியும் வெளிநாட்டிலிருக்கும் அம்மாவும் அதன் கதைகளிலே தேடினாலும் அகப்படார்.

ஆகவே எமது கோரிக்கைகளைத் தெளிவாகவே வைக்கிறோம். தருமனின் நாயும், குகைவாசலின் நாயும், தொபியாசின் நாயும் ஒரே கடற்கரையிற் சந்திக்கும் கதையை எமது எழுத்தாளர்கள் எழுதட்டும். எமது ஓவியர்கள் வரையட்டும். அரச தொலைக்காட்சியின் தமிழ்ப் பிரிவு அதனை ஒளிபரப்பட்டும். மூன்று சமயத்துப் பிள்ளைகளும் ஒருங்கிருந்து பார்க்கத்தக்க கதை அதுவாகும். அக்கதையில் நாய் பறக்கவேண்டாம், நடந்தாற் போதும். அதில் வரும் குழந்தையின் துன்பத்துக்கு ஒரு காரணம் இருக்கட்டும். அக்காரணத்தை அக்குழந்தையும் அயலவரும் சேர்ந்து தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

கதை மட்டும் போதாது. கோயில் மண்டபமும் பள்ளிவாசல் மண்டபமும் தேவாலய மண்டபமும் விழாநாட்கள் தவிர ஏனைய நாட்களிற் பூட்டிக் கிடக்கின்றன. தலவிலை அன்னம்மாளின் திருநாளுக்கும் முன்னேசுவரத்தின் திருவிழாவுக்கும் ஆயிரமாயிரம் பேருக்கு அன்னமிட வல்ல இம்மாவட்டத்து மக்களால், பாடசாலை விட்டபின் பிள்ளைகள் தங்கவும் உண்ணவும் படிக்கவும் ஊருக்கோர் இடம் நடத்த முடியாதென்றால் எவர் நம்புவர்? நாயின் சிறகைக் கண்டித்து அறிக்கை விடும் பெரியோர் முதலில் தத்தம் மண்டபங்களின் சாவியைக் கொடுக்கட்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் அதனைக் கையேற்கட்டும். ஆசிரியராகிய நாம் முறைவைத்து மாலை வேளையில் அங்கிருப்போம். பிரதேச செயலகத்தை அதற்குரிய செலவைத் தரும்படி மனுவாலும், மனு பலிக்காவிட்டாற் கூட்டமாகச் சென்றும் கேட்போம்.

குழந்தைகளுக்குக் கதை பார்க்கக் கொடுக்கும்போது பக்கத்தில் அமர்ந்து ஒரு கேள்வியையேனும் கேட்போம்: இந்தச் சிறுமிக்கு ஏன் வீடில்லை? சார்லி வராத தெருவில் என்ன நடக்கும்? அவ்வினாவைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு எந்தத் தொடராலும் பெருந்தீங்கு விளையாது. கேட்டுப் பழகாத பிள்ளைக்குப் புனிதக் கதையும் தாலாட்டாகிவிடும்.

நாய் சுவர்க்கம் செல்லுமா என்னும் ஆராய்ச்சியை அதில் ஈடுபாடுள்ளோர் ஓய்வாகத் தொடரட்டும். எமது கரையில் இன்றிரவும் பல வாசல்களில் நாய் மட்டும் விழித்திருக்கும். உள்ளே குழந்தைகள் தனியே உறங்கும். அந்த வாசல்களுக்கு மனிதர் போய்ச் சேரவேண்டும்.